இரும்புக் காவலன் சொன்ன பதில்

டாரில் அந்த அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் ஷெட் மேஜையில் வைத்தபோது காலை பத்து மணிதான். அதற்குள் தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் அவன் அண்ணன் மெர்வினின் ஃபைபர் தலைக்கவசம். ஊர்வலங்களில் வேஷம் கட்டும் எங்கள் குழுவின் இரும்புக் காவலன்.

போன கிறிஸ்துமஸ் ஊர்வலத்தில் மெர்வின் அதற்குள்தான் செத்தான். வெப்பம் தாங்காமல். எங்கள் டப்போவில் கிறிஸ்துமஸ் உச்சிக்கோடையில்தான் வரும். கவசம் போட்டவருக்குக் காலடி தெரியாது. முழங்கையைப் பிடித்து நடத்திப்போகவும், பிடரிப் பூட்டைத் திறந்துவிடவும் ஒருவர் வேண்டும். மெர்வினை நடத்திப்போனவள் நான்.

“நல்லா இருக்கியா?” என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் “நல்லா இருக்கேன், நட” என்றான். விசாரணையில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. பேண்டு வாத்திய இரைச்சலில் கவசத்துக்குள்ளிருந்து குரல் எப்படிக் கேட்கும் என்றார்கள். போகப்போக எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

“இந்த வருஷம் நான் போடறேன், நொரீன்,” என்றான் டாரில். “ஆனா நான் உள்ள கத்தினா டப்போ ஊருக்கே கேக்கணும்.”

“கேக்கும். உன் பொண்டாட்டி காதப் பொத்திக்குவா, பாரு.”

கவசத்துக்குள் வாய்க்கு நேரே சட்டைப் பொத்தான் அளவு மைக் பொருத்தினேன். தாடையில் உள்ளங்கை அகல ஸ்பீக்கர். நடுவில் குரலைப் பெருக்கும் சிறு பலகை, பேட்டரி. ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போனால் ஊளையிடும் என்பதால் இரண்டுக்கும் இடையே ஸ்பாஞ்சைத் திணித்துவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

ஊளை வரவில்லை.

மேஜைமேல் காலியாகக் கிடந்த கவசத்திலிருந்து மூச்சு வந்தது. ஈரமான, நிதானமான மூச்சு.

“குறட்டை விடுது கெழம்!” டாரில் சிரித்தான்.

மைக் ஃபேன் காற்றைப் பிடிக்கிறது என்று நினைத்து ஃபேனை நிறுத்தினேன். அது நின்ற பிறகும் இரண்டு மூச்சு வந்தது. பிறகு அடங்கியது. நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன். என்ன புத்தியோ!

சனிக்கிழமை மதியம் ஊர்வலம். நாற்பத்தொரு டிகிரி. தார் செருப்பில் ஒட்டியது.

“நல்லா இருக்கியா, டாரில்?”

“நல்லா இருக்கேன், நட.”

அவன் குரல்தான். தெரு முழுக்கக் கேட்டது. குழந்தைகள் கைதட்டினார்கள். நிம்மதியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தபால் ஆபீஸைத் தாண்டியதும் மறுபடி கேட்டேன்.

“நல்லா இருக்கேன், நட.”

அத்தனை கனத்தைச் சுமந்து நடப்பவனுக்கு மூச்சே வாங்கவில்லை.

என் பிடியில் அவன் முழங்கை நடுங்கியது.

அவனது மறு கை பிடரியில் இருந்த பூட்டைப் பிராண்டிக்கொண்டிருந்தது.

“டாரில்?”

“நல்லா இருக்கேன். நட.”

பூட்டைத் திறந்து கவசத்தைப் பிடுங்கினேன். அவன் முகம் வெந்து சிவந்திருந்தது. உதடுகள் வெடித்திருந்தன.

“தண்ணி, தண்ணின்னு எவ்ளோ நேரமா கத்தறேன்...” குரல் கம்மிப்போயிருந்தது. “நீ பாட்டுக்கு இழுத்துக்கிட்டே போற.”

என் கையிலிருந்த காலிக் கவசம் சொன்னது.

“நட.”

போன வருஷம் என் காதில் விழுந்ததும் நிஜம்தான். சொன்னதுதான் மெர்வின் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டே அவன் தண்ணீர் கேட்டுக் கேட்டுச் செத்திருக்கிறான். நான்தான் அவனை நடக்க வைத்திருக்கிறேன்.

பேட்டரியைப் பிய்த்தெறிந்து, கவசத்தை ரோட்டில் அடித்து நொறுக்கினேன். சில்லுசில்லாகப் போகும்வரை விடவில்லை.

டாரில் பிழைத்துக்கொள்வான் என்றார்கள். ஆம்புலன்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நர்ஸ் என் முகத்தைப் பார்த்தாள்.

“நீங்க நல்லா இருக்கீங்களாம்மா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நாக்கு அசையவில்லை.

“நல்லா இருக்கேன். வண்டிய எடுங்க.”

என் குரல்தான். நான் பேசவில்லை.

அவள் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து யார் என்ன கேட்டாலும் அந்தக் குரல்தான் முந்திக்கொள்கிறது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.