மூச்சடக்கிய பனி

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியில், உட்புறத்தில் ஆவி படிந்திருந்தது. மதிவதனியின் வாய்க்கு நேராக மட்டும், ஒரு பெரிய பொட்டளவுக்கு.

இளஞ்செழியன் துடைத்துப் பார்த்தான். போகவில்லை. அவன் மனைவி இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பிரேதப் பரிசோதனையும் முடிந்துவிட்டது.

செங்கம் சாலை முழுக்கக் கிரிவலக் கூட்டம்.

"தீபம் முடிஞ்சு ஜனம் கலைஞ்சாத்தான் எடுக்க முடியும் சார். இன்னிக்கு எமனே வந்தாலும் பைபாஸ்ல நிறுத்திடுவாங்க," என்றான் ஐஸ் பெட்டிக்காரன் மணிவேல், கிளம்பும்போது. "மூடிய மட்டும் தொறந்துடாதீங்க."

வங்கக் கடலின் அடியிலிருந்து, எரிவாயுவைத் தனக்குள் சிறைவைத்திருக்கும் பனிக்கட்டியைத் தோண்டியெடுக்கும் கப்பலில் அவளுக்கு வேலை. மாதிரிகள் வைக்கும் குளிரறையில் வாயு நிறைந்து மூச்சு முட்டி இறந்தாள். ஒருமுறை வீடியோ அனுப்பியிருந்தாள். உள்ளங்கையில் ஒரு துண்டுப் பனி, அதன்மேல் நீலச் சுடர், அவள் சிரிப்பு. "மூச்ச அடக்கிட்டு இருக்குது இளா. சூடு பட்டா விட்டுடும். பாரேன், கையே சுடல."

தலைமாட்டு விளக்கை அவன்தான் அணைத்திருந்தான். ஏனென்று அவனுக்கே தெரியவில்லை.

"என் பொண்ணு இருட்டுலயே போவணுமா மாப்ள?" என்று கேட்டுவிட்டு, மாமியார் ஜோதியம்மாள் வாசலுக்குப் போனாள். தெருவே மலையுச்சியைப் பார்த்து நின்றது. உச்சியில் தீபம் தெரியாமல் எந்த வீட்டிலும் விளக்கேற்ற மாட்டார்கள்.

ஊதுவத்திப் புகையும் கசங்கிய ரோஜா மாலையும் மணத்த கூடத்தில், காலையிலிருந்து முனகிக்கொண்டிருந்த பெட்டியின் மோட்டார் ஒரு விக்கலோடு நின்றது. ஆவிப் பொட்டு விரிந்தது. சுருங்கியது. மறுபடி விரிந்தது.

அவள் மூச்சுவிடுகிறாள் என்றால், இந்த மூடிதான் அவளைக் கொல்கிறது.

திறந்தான்.

ஸ்ஸ் என்ற சத்தம். உறைபனி பூத்த உதடுகளிலிருந்து. எந்த மனிதருக்கும் அவ்வளவு நீண்ட மூச்சு கிடையாது. அது நிற்கவில்லை.

அவள் கையைப் பிடித்தான். விரல்கள் அவன் கையைச் சுற்றி மூடின.

"அத்தை! உயிர் இருக்கு!"

வெளியே தெரு முழுவதும் ஒரே குரல். "அண்ணாமலையானுக்கு அரோகரா!"

ஜோதியம்மாள் கண்ணீரோடு உள்ளே வந்தாள். மகளைப் பார்க்கவில்லை. உச்சியில் தீபம் தெரிந்துவிட்டது. அறுபது வருடப் பழக்கம், கை தானாகத் தீக்குச்சியை உரசியது. தலைமாட்டு விளக்குக்குக் குனிந்தாள்.

"வேணாம் அத்தை..."

நீலம்.

உதட்டில். கழுத்தில். தோளில். கை வழியே இறங்கியது. புகை இல்லை.

மதிவதனி கண்களைத் திறந்தாள். பிடியை இறுக்கினாள்.

அவள் கை சுடவில்லை.

அவன் கை எரிந்தது.