அறுபத்து மூன்று நிமிஷக் காற்று!

போன் அலறியது.

கற்பிட்டியில் ஒரு கடை மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த ஷிம்லா, திரையைப் பார்த்தாள்.

அஃப்ராஸ்! அவளுடைய கணவன்!

இந்த நேரத்தில் அவன் நடுக்கடலில் அல்லவா இருக்க வேண்டும்?

"ஷிம்லா..." அவன் குரல் உடைந்திருந்தது. "சாள்ஸ் போயிட்டான்..."

"எங்க?"

"உசிரோட இல்ல! தண்ணிக்குள்ளேயே காத்து முடிஞ்சிட்டு! உன்ட ஸ்கிரிப்ட் அறுபத்து மூண்டு நிமிஷம் எண்டு காட்டினது. அத நம்பித்தான் இறக்கினன். அம்பது நிமிஷம்கூட போகல்ல..."

போன் அவள் கையிலிருந்து நழுவியது.

சாள்ஸ், அஃப்ராஸின் வள்ளத்தில் போய்ச் சங்கு குளிக்கும் சுழியோடி. முதுகில் காற்று சிலிண்டர். இடுப்பில் கயிறு; அவன் இழுத்தால் மேலே தூக்கிவிட வேண்டும். மேலே வள்ளத்தில் கயிற்றைப் பிடித்திருப்பவன் அஃப்ராஸ். மிச்சக் காற்றைக் காட்டும் மீட்டர் செத்து ஒரு வருஷம். புதிது வாங்குவதாக அஃப்ராஸும் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

மீட்டருக்குப் பதிலாகத்தான், வள்ளத்தில் வைத்திருக்கும் போனில் காற்றுக் கணக்குப் போடும் ஷிம்லாவின் ஸ்கிரிப்ட்!

அவள் இறங்குதுறைக்கு ஓடினாள். மணலில் பாயைப் போட்டுச் சாள்ஸைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் அவனுடைய மனைவி. ஷிம்லாவைக் கண்டதும் அவள் எழுந்து வந்து தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என்ட மனுசனக் கணக்குப் போட்டே சாகடிச்சிட்டியேடி!"

அந்தக் கணக்கில் பிழை இருப்பது ஷிம்லாவுக்கு ஒரு வாரமாகத் தெரியும்!

*

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் இராமநாதன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"ஏன் பிள்ளை, போன்ல கல்குலேட்டர் இல்லையா?"

"இருக்கு சேர். ஈரக் கையால ஒவ்வொண்டா அடிச்சா பிழைக்குது எண்டு இவர் சொன்னாரு. முழுக் கணக்கையும் ஒரே வரியில வாங்கி, பிரிச்சுப் பாத்து, விடை சொல்ற மாதிரி எழுதித் தா எண்டு கேட்டாரு."

பக்கத்துக் கதிரையில் அஃப்ராஸ். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இண்டைக்கு என்ன கணக்குத் தம்பி?"

"நிரப்பின காத்து இருநூறு சேர். முதல் இறக்கத்தில செலவு அறுபது. மேல வாறதுக்கு அம்பத ஒதுக்கிறது. மிச்சத்த மூண்டால பிரிக்கிறது, நிமிஷத்துக்கு மூண்டு போகும். அடிச்சன். அறுபத்து மூண்டு வந்திச்சு."

"சரியான விடை என்ன பிள்ளை?"

ஷிம்லா நிலத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"முப்பது."

"முப்பது எப்பிடி அறுபத்து மூண்டாகும்? எனக்கு விளங்குற மாதிரிச் சொல்லும்."

"இருநூறில அறுபதக் கழிச்சா நூத்தி நாப்பது. அதில அம்பதக் கழிச்சா தொண்ணூறு. மூண்டால பிரிச்சா முப்பது. ஆனா நான் எழுதினது, ரெண்டு கழித்தல் வந்தா, வலப் பக்கத்த முதல்ல செய்யும். அறுபதில அம்பது போனா பத்து. பிறகு இருநூறில பத்தக் கழிக்கும். நூத்தித் தொண்ணூறு. மூண்டால பிரிச்சா..."

"அறுபத்து மூண்டு!" இராமநாதன் நிமிர்ந்தார். "தெரிஞ்சிருந்தும் சும்மா இருந்தீரா?"

"இல்ல சேர்! போன கிழமை வகுப்பில சொல்லிக் குடுக்கக்குள்ளதான் கண்டுபிடிச்சன். அண்டைக்கே திருத்தினன். வள்ளத்துப் போனத் தாங்க, புதுச மாத்தி விடுறன் எண்டு இவர்ட்ட கெஞ்சினன். என்ன பிழை, எப்பிடிக் கூட்டிக் காட்டும், எல்லாம் விளக்கமாச் சொன்னன்..."

அஃப்ராஸ் தலையைத் தொங்கப்போட்டான்.

"நான்தான் சேர் நாளைக்கு, நாளைக்கு எண்டு விட்டுட்டன். அவளப் பெருசா ஒண்டும் செஞ்சிடாதீங்க. வேணுமெண்டு செஞ்ச பிழையில்லையே!"

எவ்வளவு நல்ல மனிதன்! ஷிம்லாவுக்கு அழுகை முட்டியது. தன்னால் இவனுக்கும் தலைகுனிவு!

"திருத்தினதச் சாள்ஸ் அண்ணனுக்கும் அனுப்பினன் சேர். வள்ளத்துப் போன்ல போடுங்க எண்டு. பதில் வரல்ல."

"அவனுக்குப் போன்ல பாட்டுக் கேக்க மட்டும்தான் சேர் தெரியும்," என்றான் அஃப்ராஸ்.

இராமநாதன் மேசை லாச்சியைத் திறந்தார். பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு பழைய போன். வள்ளத்துப் போன்!

"அடியும் பிள்ளை. அதே கணக்கு. என்ட கண்ணுக்கு முன்னால."

ஷிம்லா போனைக் கையில் எடுத்தாள். தன் கையாலேயே தன் குற்றத்தை எழுதிக் காட்டச் சொல்கிறார்! 63 என்று வரும். அவ்வளவுதான். கம்பிக் கதவு. வாசலில் நிற்கும் சாள்ஸின் மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். யா அல்லாஹ்... தப்ப ஒரு வழியும் இல்லை!

அடைப்புக்குறி. இருநூறு. கழித்தல். அறுபது. கழித்தல். ஐம்பது. அடைப்புக்குறி. வகுத்தல். மூன்று.

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

"வாசியும்."

கண்ணைத் திறந்தாள்.

30!

"சேர்... முப்பது!"

"என்ன!" அஃப்ராஸ் துள்ளி எழுந்தான். "அதெப்பிடி? காலையில அறுபத்து மூண்டு காட்டிச்சு! என்ட ரெண்டு கண்ணாலயும் கண்டன்!"

"இருங்க தம்பி. அவசரப்படாதீங்க."

இராமநாதன் இன்னொரு போனை மேசையில் வைத்தார். "இது சாள்ஸின்ட. உமக்கு அனுப்பப் பாத்த ஒரு குரல் பதிவு, பிள்ளை, டேட்டா முடிஞ்சதால போகாமக் கிடக்கு. கேட்பமா?"

செத்தவன் பேசினான்!

"தங்கச்சி, நீங்க அனுப்பினத வள்ளத்துப் போன்ல போட்டுட்டன். அடிச்சும் பாத்தன், சரியா வருது. அஃப்ராஸுக்குச் சொல்லயில்ல, அவர் இப்ப என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறதில்ல. இனிப் பயமில்லாம இறங்கலாம். பெரிய உதவி தங்கச்சி..."

வாசலில் அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சரிந்து உட்கார்ந்தாள்.

"முகம் குடுக்காததுக்குக் காரணம் இருக்கு," என்றார் இராமநாதன். "முந்தாநாள் சாள்ஸ் என்னட்ட வந்தவன். கடலுக்கு அடியில சங்கு மட்டும் இல்லை சேர், அக்கரையில இருந்து வந்த கஞ்சாப் பொட்டலத்தையும் அஃப்ராஸ் கட்டி வச்சிருக்கார், இடம் காட்டுறன் எண்டவன். நாளைக்கு எங்களக் கூட்டிக்கொண்டு போறதா இருந்தவன். அது உமக்கு எட்டிட்டுத் தம்பி."

"பொய் சேர்!"

"நீர் இண்டைக்கு அந்தப் போனைத் தொடவே இல்லைத் தம்பி. பிழை விடை என்ன எண்டுதான் பெண்சாதி விளக்கமாச் சொல்லித் தந்திட்டாவே! வள்ளத்துக்குப் பக்கத்தில தண்ணியில நிண்டவனுக்கு, மேல இருந்து அறுபத்து மூண்டு எண்டு கத்தினது போதும். திருத்தியாச்சு எண்ட நம்பிக்கையில அவன் இறங்கிட்டான். மூச்சு முட்டிக் கயித்தை இழுத்த இழுவையில அவன்ட உள்ளங்கை கிழிஞ்சு போய்க் கிடக்கு. மற்ற முனையைப் பிடிச்சிருந்த உமக்கு ஒண்டும் தெரியயில்லையா? பொட்டலம் உமக்கு... பழி பெண்சாதிக்கு!"

ஷிம்லா கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

இவன் கேட்டதால் எழுதினாள். பிழை விட்டாள். திருத்தினாள். திருத்தியதை நம்பியே ஒருவன் செத்தான். இவள் செய்த எதுவும் இவள் கையில் இருக்கவில்லை!

அஃப்ராஸ் அவள் காலடியில் விழுந்தான்.

"ஷிம்லா! சில நேரம் பிழையாவும் காட்டும் எண்டு சொல்லு! நீ எழுதினது, நீ சொன்னா நம்புவாங்க! ஒரு வார்த்த!"

ஒரு வார்த்தை. சொன்னால் அவன் வெளியே, இவள் உள்ளே. சொல்லாவிட்டால் அவன் உள்ளே, இவள் வெளியே... யாரோடு?



வள்ளத்துப் போனை எடுத்தாள். அதே கணக்கைத் திரும்பவும் அடித்தாள். 30. திரும்பவும். 30. கண்ணீர் திரையில் சொட்டியது. துடைத்துவிட்டு, அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"எத்தின தரம் அடிச்சாலும் முப்பதுதாங்க வருது..."

அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது.

கான்ஸ்டபிள் விலங்கோடு வந்தான். அஃப்ராஸ் எழுந்து கைகளை நீட்டினான்.

"எத்தின வருஷம் சேர் போடுவாங்க?"

இராமநாதன் வள்ளத்துப் போனை அவன் பக்கம் நகர்த்தினார்.

"அடிச்சுப் பாருமன் தம்பி... இப்ப அது சரியாத்தான் சொல்லுது!"