முசலிக் கோப்புறை காணாமற்போன காலை

காலை 9.05.

மன்னார் நகரிலிருந்த கரையோரக் காணி உதவி நிலையத்தின் இயக்குநர் அன்ரோனெற், கணினியில் 'முசலி' என்ற கோப்புறையைச் சொடுக்கினார். அது திறக்கவில்லை. 'நொட் ஃபவுண்ட்' என்றது திரை. அப்படியொன்று இல்லையாம்.

தொண்ணூறாம் ஆண்டுப் போர்க்காலத்தில் முசலிப் பகுதி ஊர்களைவிட்டுப் போக நேர்ந்த நாற்பத்தொரு குடும்பங்களின் காணி உறுதிகள் அந்தக் கோப்புறையில்தான் இருந்தன. மூலப் பத்திரங்கள் பல கறையானுக்குப் போய்விட்டன. மிஞ்சியது நிலையத்தின் பொதுக் கணினியான சேர்வரில் இருந்த ஸ்கேன் பிரதிகள் மட்டும். பதினொரு மணிக்குக் காணி விசாரணைக் குழு கூடுகிறது. அந்தக் குடும்பங்களில் முதலில் அழைக்கப்படவிருந்த பாத்தும்மா எட்டரைக்கே வந்து வெளிவிறாந்தைக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"கபிலனாத்தான் இருக்கும் மிஸ்," என்றார் ஆவணப் பொறுப்பாளர் நஸார், குரலைத் தாழ்த்தி. "நேற்று லீவு கேட்டுச் சண்டை பிடிச்சிட்டுத்தானே போனவர்."

அன்ரோனெற்றின் மனமும் அங்கேதான் போயிருந்தது. ஸ்கேன் வேலை செய்யும் கபிலன் முன்கோபக்காரர். நேற்று மாலை கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போயிருந்தார்.

9.30.

அன்ரோனெற் தொலைபேசியில் அழைக்க, எருக்கலம்பிட்டியிலிருந்து ஸரீனா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். நிலையத்தின் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுத்தவள் அவள்தான். சேர்வருக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு நிமிடம் தட்டினாள்.

"பயப்பிடாதீங்கோ மிஸ். ஒவ்வொரு நாளும் காலமை ஏழு மணிக்கு சேர்வர் தானாவே ஒரு பிரதி எடுத்து வைக்கும். அதில இருந்து திருப்பிப் போடுறன். ஒரு முக்கால் மணித்தியாலம் பிடிக்கும்."

அன்ரோனெற் நெஞ்சில் சிலுவை வரைந்துகொண்டார்.

"ஆனா அழிச்சது ஆரெண்டு தெரியாம விட்டா, நாளைக்கும் போகும்," என்றாள் ஸரீனா. சேர்வரின் பதிவுகளைத் திறந்தாள். அதில் ஒரு வரி தெளிவாக இருந்தது. 8.47. கோப்புறை அழிப்பு. பயனர்: கபிலன். இடம்: ஸ்கேன் அறைக் கணினி.

பின்னால் நின்ற நஸார் பெருமூச்சு விட்டார். "நான் சொன்னனான்."

கபிலன் வாசலில் நின்றார். முகம் கறுத்திருந்தது. "நான் வந்தது ஒம்பதுக்குப் பிறகு. பஸ் பிந்திப்போச்சு. நம்பினா நம்புங்கோ."

ஸரீனா மட்டும் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கபிலன் அண்ணை, நேற்றுப் போகேக்க ஸ்கேன் அறைக் கணினியில லொக் அவுட் பண்ணினீங்களா?"

கபிலன் யோசித்தார். "இல்லை. கோவத்தில அப்பிடியே எழும்பிப் போனனான்."

ஸரீனா அன்ரோனெற்றின் பக்கம் திரும்பினாள். "ஸ்கேன் ஓடேக்க திரை தானாப் பூட்டுப்படுகுதெண்டு அந்தப் பூட்டை நீங்கள்தானே எடுக்கச் சொன்னனீங்கள் மிஸ்?"

"ஓம்," என்றார் அன்ரோனெற்.

"அப்ப இரவு முழுக்க அந்தக் கணினி கபிலன் அண்ணையின்ர பேரில திறந்துதான் கிடந்திருக்கு. ஆர் போய் இருந்தாலும் அவற்ற பேர்தான் விழும். காலமை கந்தோரைத் திறந்தது ஆர்?"

அலுவலகக் கதவின் திறப்பு நஸாரிடம்தான் இருந்தது. எட்டரைக்கு அவரும் வரவேற்பில் இருக்கும் டினோஜாவும் ஒன்றாக உள்ளே வந்திருந்தார்கள். அன்ரோனெற் வரும்வரை உள்ளே மூன்றாவது ஆள் இல்லை.

9.50.

எங்கே இருந்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று ஸரீனா கேட்பாள் என்றுதான் அன்ரோனெற் எதிர்பார்த்தார். அவள் அதைக் கேட்கவில்லை. எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

"இண்டைக்கு முசலிக் கோப்புறையில கை வைக்கேக்க திரையில என்ன வந்தது? கருத்து வேண்டாம். வந்த சொல்லைச் சொல்லுங்கோ."

"நொட் ஃபவுண்ட்," என்றார் அன்ரோனெற்.

"எனக்கும் அதுதான் அக்கா," என்றாள் டினோஜா. "ஒம்பது மணிக்கு. பாத்தும்மா உம்மாவின்ர பிரின்ற் எடுக்கப் போனனான்."

"நஸார் நானா?"

"எனக்கும் ஒம்பது மணிக்குத் திறக்கேல்ல தங்கச்சி. அக்சஸ் டினைட் எண்டு வந்தது. சிவப்பா ஒரு குறியும் போட்டு."

"வடிவா ஞாபகமா?"

"ஓம், வடிவா."

ஸரீனா தலையாட்டினாள். "நீங்கள் பொய் சொல்லேல்ல நானா. அந்தச் செய்தி உங்களுக்கு வந்ததுதான். ஆனா ஒம்பது மணிக்கு வரேல்ல."

நஸாரின் கை மேசை விளிம்பைப் பிடித்தது.

"நொட் ஃபவுண்ட் எண்டா பொருள் அங்க இல்லை. அக்சஸ் டினைட் எண்டா பொருள் இருக்கு, உங்களுக்கு உரிமை இல்லை. இல்லாத கோப்புறை ஒருத்தரையும் மறிக்காது. அப்ப உங்களை மறிக்கேக்க அது அங்க இருந்திருக்கு. 8.47க்கு முந்தி."

"திறக்கப் பாத்திருப்பன்..."

"முசலியைத் திறந்து பாக்க எல்லாருக்கும் உரிமை குடுத்திருக்கிறன். அழிக்கிற உரிமை மட்டும் மிஸ்ஸுக்கும் கபிலன் அண்ணைக்கும். உங்களை அது மறிச்சிருந்தா, நீங்கள் செய்யப் பாத்தது ஒண்டே ஒண்டுதான்."

அவள் திரையைத் திருப்பினாள். "நடந்த காரியத்தை மட்டும்தான் எல்லாரும் பதிவில தேடுவினம். நடக்காமல் போனதையும் சேர்வர் எழுதி வைக்கும்."

8.41. அழிக்கும் முயற்சி. மறுக்கப்பட்டது. பயனர்: நஸார்.

"மறிச்ச பிறகுதான் திறந்து கிடந்த ஸ்கேன் அறைக் கணினிக்குப் போயிருக்கிறீங்கள் நானா," என்றாள் ஸரீனா. அன்ரோனெற் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். காலையிலிருந்து மூன்று பேர் பார்த்துச் சலித்த செய்திகள்தாம். அதில் இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் நடந்திருக்கிறாளே இந்தப் பிள்ளை என்று வியந்தார். நஸாரை நோக்கித் திரும்பியபோது அந்த வியப்பு வலியாகியது.

"ஏன் நஸார்?"

நஸார் கதிரையில் அமர்ந்தார். "பாத்தும்மா மாமியின்ர காணியை என்ர மச்சான் வேலி போட்டு அடைச்சு வைச்சிருக்கிறார் மிஸ். உறுதி இல்லாட்டி அது அவருக்கு நிண்டிரும். அந்த ஒண்டை மட்டும் அழிச்சா என்னைத்தான் சந்தேகப்படுவீங்களெண்டு எல்லாத்தையும்..."

"நாற்பத்தொரு குடும்பம்," என்றார் அன்ரோனெற். "திறப்பை வைச்சிட்டுப் போங்கோ. மிச்சத்தைப் பொலிசில பேசுவம்."

10.20.

கோப்புறை முழுதாகத் திரும்பியது. டினோஜா எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தொன்றும் இருந்தன.

அன்ரோனெற் ஸ்கேன் அறைக்குப் போனார். கபிலன் பாத்தும்மாவின் உறுதியைப் பிரின்ற் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நான் உங்களைத்தான் நினைச்சனான் கபிலன். பிழை என்னில."

"தெரியும் மிஸ். உங்கட முகத்திலேயே தெரிஞ்சது." தாள்களைத் தட்டி ஒழுங்காக்கிக்கொண்டே சொன்னார். "ஸரீனா மட்டும்தான் என்னைப் பாத்துக் கேள்வி கேட்டவ."

"லீவு எடுங்கோ. எத்தினை நாள் வேணும்?"

"ரெண்டு நாள். மகளுக்குக் கோயில்ல புதுநன்மை. முதன்முதலா நற்கருணை வாங்கப்போறா."

11.40.

விசாரணைக் குழுவின் தலைவர் உறுதியை எழுத்தெழுத்தாக வாசித்தார். எல்லைகளை வரைபடத்தோடு ஒப்பிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வேலியைப் பதினான்கு நாட்களுக்குள் அகற்றவேண்டும் என்று எழுதி வாசித்தார்.

பாத்தும்மாவுக்கு அது உடனே விளங்கவில்லை. பக்கத்திலிருந்த ஸரீனாவின் கையைப் பிடித்தார்.

"என்ன சொல்றாங்க மகள்?"

"காணி உங்கடதெண்டு சொல்றாங்க உம்மா."

பாத்தும்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். குழுத் தலைவர் அடுத்த குடும்பத்தின் பெயரை வாசித்தார்.