கழுவாமல் கிடந்த கண்ணாடிகள்

சிராங்கூன் ரோட்டிலிருந்த அந்தக் காய்ச்சல் ஆஸ்பத்திரியில் கடிகாரம் தோக்கியோ நேரம் காட்டியது. வெயிலைப் பார்த்தால் எட்டரை, கடிகாரத்தைப் பார்த்தால் பத்து. ஜப்பான்காரர்கள் ஆண்ட 1943இல் அது ஏன் அப்படி என்று யாரும் கேட்பதில்லை. கேட்டவர்கள் திரும்பி வரவில்லை.

அந்த வியாழக்கிழமை பத்து மணிக்கு இரத்தப் பரிசோதனை அறைக்குள், கூட்டுகிற இராமசாமியின் மனைவி பூவம்மா ஓடி வந்தாள். காலில் செருப்பில்லை.

"அம்மா, எங்க வீட்டுக்காரர நேத்து மத்தியானம் கெம்பெய்தாய் போலீஸ்காரங்க இழுத்துட்டுப் போயிட்டாங்க. நாளைக்குக் காலையில தலைய வெட்டிடுவாங்களாம். நீங்கதான் காப்பாத்தணும்."

மைக்ராஸ்கோப்பிலிருந்து பூரணம் தலையைத் தூக்கினாள். எட்டு வருடமாக இரத்தம் பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பெண். அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "இருங்கோ. முதல்ல தண்ணி குடியுங்கோ."

மருந்து கலக்கும் காதர் மைதீன் கதவை அடைத்துவிட்டு வந்தார். எதிலும் முந்திக்கொள்ளும் ஆள். "சங்கதி இதுதான் அக்கா. மலேரியாவுக்குக் குடுக்கிற கொயினா டின்ன சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டோர்ல நானே பார்த்தேன். ஐந்நூறு மாத்திரை, சீல் உடைக்கல. நேத்துக் காலையில காணோம். ஸ்டோருக்குள்ள போறது மூணே பேரு. கணக்கெழுதி சாவி வச்சிருக்கிற கிராணி நடராசா, நான், கூட்டுற இராமசாமி. போன வாரம் காய்ச்சல்ல கிடந்த இராமசாமி இப்ப எழுந்து நடக்கிறான், அவன்தான் எடுத்திருப்பான்னு கிராணி சப்பான் கேப்டன்கிட்ட சொல்லிட்டார். சாட்சி அவ்வளவுதான் லா."

கூட்டுகிறவனுக்கு எதிராக அவ்வளவு போதும்.

"காய்ச்சல் எப்ப விட்டது?" என்று பூரணம் பூவம்மாவிடம் கேட்டாள்.

"போன வாரம் செவ்வாய்க்கிழமையே விட்டுருச்சும்மா. என் மெட்டியக் குடுத்து ஒரு சீனன்கிட்ட கள்ளத்தனமா மாத்திரை வாங்கினேன். அதச் சொன்னா என்னையும் வெட்டுவாங்க."

அப்போது கதவு திறந்தது. கிராணி நடராசா வாசலிலேயே நின்றார். இந்த அறைப் பக்கம் அவர் வந்து இரண்டு வருடம் இருக்கும்.

"பூரணம், நேற்றைய ஸ்லைடுகள் கழுவியாச்சோ?"

"இன்னும் இல்லை ஐயா."

"என்ன?" அவர் காதில் கை வைத்தார். "சத்தமாச் சொல்லுங்கோ. ரெண்டு நாளா காதுக்குள்ள ஒரே இரைச்சல்."

"வண்டு பூந்திருக்கும் கிராணியாரே" என்றார் காதர். அது கிராணியின் காதில் விழவில்லை.

"இன்னும் இல்லை" என்று பூரணம் மறுபடி சொன்னாள்.

"உடனே கழுவி வையுங்கோ. கேப்டன் கேட்கிறார்." அவர் போய்விட்டார்.

பூரணம் மூலையைப் பார்த்தாள். சோடாத் தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடந்தது. பக்கத்துத் தட்டில் நான்கு கண்ணாடி ஸ்லைடுகள். புதன்தோறும் காலையில் ஸ்டோரிலும் இந்த அறையிலும் வேலை செய்யும் நால்வரின், அதாவது கிராணி, காதர், இராமசாமி, பூரணம் ஆகியோரின், விரலில் குத்தி இரத்தம் எடுப்பார்கள். புதுக் கண்ணாடி கிடைக்காததால் அன்று மாலையே கழுவி வைத்துவிட வேண்டும். பூரணமும் நேற்றே பார்த்து 'கிருமி இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். படிவத்தில் வேறு கேள்வி கிடையாது.

"தம்பி, இந்தக் கண்ணாடியெல்லாம் யார் கழுவுறது?"

"இராமசாமிதான். நேத்துதான் அவனப் பிடிச்சிட்டாங்களே."

"ஓம். அதனாலதான் இரத்தம் இன்னும் இருக்கு."

நான்கையும் மறுபடி பார்க்க அவளுக்கு ஒரு மணி நேரம் ஆனது. வெளியே லாரி நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் பூவம்மா மேஜைக்கு அடியில் பதுங்கினாள். யாரும் சிரிக்கவில்லை.

"இதைப் பாருங்கோ தம்பி. இராமசாமியின்ர."

காதர் குனிந்தார். "பெரிய வெள்ளணு. நடுவுல மொச்சைக் கொட்டை மாதிரி. உள்ள கறுப்பாத் துகள்."

"அது மோனோசைட். மலேரியாக் கிருமி செத்தா மிஞ்சுற கறுப்புச் சாயத்தை விழுங்கி வச்சிருக்கு. இப்ப பக்கத்தில சின்னதைப் பாருங்கோ, கரு துண்டுதுண்டாத் தெரியுதே, அது நியூட்ரோஃபில்."

"அதுல ஒண்ணுமில்லையே."

"காயம் பட்டாலும் கிருமி வந்தாலும் முதல்ல ஓடுறது நியூட்ரோஃபில்தான். விழுங்கும், சண்டை பிடிக்கும், செத்துப்போகும். சீழ் எண்டு சொல்லுறமே, அது பெரும்பாலும் அதுகளின்ர பிணம். மோனோசைட் பிறகு வரும். பிணத்தையும் சேர்த்துத் தின்னும். கிருமி ஒழிஞ்ச பிறகு நியூட்ரோஃபில்ல கறுப்பு மூண்டு நாள், மிஞ்சினா நாலு நாள் தெரியும். மோனோசைட்ல ஒரு வாரத்துக்கு மேலயும் கிடக்கும். இதை நான் எத்தனையோ நோயாளியில பார்த்திருக்கிறன்."

காதர் சட்டென்று நிமிர்ந்தார். "அப்படின்னா இராமசாமிக்குக் காய்ச்சல் போனது டின் காணாமப் போறதுக்கு முன்னாடி! சனிக்கிழமைக்கு முன்னாடி!"

"மெதுவாப் பேசுங்கோ. உங்கட இரத்தமும் என்ரயும் சுத்தம். இப்ப நாலாவதைப் பாருங்கோ."

காதர் பார்த்தார். நியூட்ரோஃபில், மோனோசைட் இரண்டிலும் கறுப்பு. ஆனால் உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லை. கண்ணாடி ஓரத்தில், காய்ந்த இரத்தத்தின் மேலேயே பென்சிலால் கீறியிருந்த பெயரைப் படித்துவிட்டு அவர் கையை உதறினார்.

"கிராணியக் கூப்பிடுங்கோ" என்றாள் பூரணம். "கேப்டனை இல்லை. கிராணியை மட்டும்."

நடராசா வந்தார். மேஜையடியில் இருந்த பூவம்மாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஐயா, ஞாயிறுக்கும் புதனுக்கும் இடையில உங்கட உடம்பில மலேரியா செத்திருக்கு. கொயினாதான் கொன்றிருக்கு. நிறையக் குடிச்சா காது இரையும். நீங்களே இரையுது எண்டு சொன்னீங்கள். இங்க எட்டிப் பார்க்காத நீங்கள் இண்டைக்கு ஸ்லைடு கழுவியாச்சோ எண்டு கேட்டீங்கள். டின் எங்க?"

"ஒரு கூலியின்ர இரத்தத்தை வச்சோ என்னைப் பிடிக்கப் பார்க்கிறாய்?"

"உங்கட இரத்தத்தை வச்சுத்தான். கழுவுற ஆளை நீங்களே பிடிச்சுக் குடுத்தீங்கள். கழுவுறதும் ஒரு வேலை, அதுக்கு ஒரு ஆள் வேணும் எண்டு உங்களுக்கு யோசனை வரேல்ல."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு இது ரெண்டாந்தரக் காய்ச்சல். தெரிஞ்சா சயாமில ரயில் பாதை போட அனுப்புவாங்கள். போனவன் ஒருத்தனாவது வந்தானா? பயம், பூரணம். சொன்னியெண்டா என்ர தலை போயிடும்."

மேஜையடியிலிருந்து பூவம்மா எழுந்தாள். "எம் புருஷன் தோள் மேல இருக்கிறது என்னய்யா, சட்டியா?"

நடராசாவின் கண் ஸ்லைடிலேயே இருந்தது. பூரணம் அதை எடுத்து ரவிக்கைக்குள் செருகினாள்.

"டின்னை எடுத்து வாங்கோ. கேப்டனிட்ட போய், சாமான் மாத்தினபோது வேற பெட்டியில வச்சு மறந்துபோனன், இராமசாமி எடுக்கேல்ல எண்டு சொல்லுங்கோ. அடி விழும். வாங்குங்கோ. இராமசாமி உயிரோட இந்த வாசலுக்கு வந்தா இந்த ஸ்லைடு தொட்டிக்குப் போகும். வராட்டி கேப்டன் மேஜைக்குப் போகும். அவருக்கும் கண் இருக்கு."

"சீல் உடைஞ்சிட்டுதே. இருபது மாத்திரை குறையும்."

"பஞ்சு திணிச்சு வச்சிடலாம் லா" என்றார் காதர். "சீல ஒட்ட மரவள்ளிப் பசை காய்ச்சுறேன். என் கை வேலைய சப்பான்காரன் கண்டுபிடிக்க மாட்டான்."

கேப்டனின் அறையிலிருந்து அறையும் சத்தம் எட்டுமுறை கேட்டது. அதன் பிறகு டெலிபோன் மணி. அதற்கப்புறம் எதுவும் இல்லை. மூவரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி, மூன்று மணி, ஐந்து மணி. தெருவில் இரண்டு முறை லாரி வந்து நின்று, போனது.

ஐந்தரைக்கு இராமசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். வலது கையில் மூன்று விரல்களுக்கு நகம் இல்லை.

பூவம்மா கத்தவில்லை. அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முந்தானையால் அந்தக் கையைச் சுற்றினாள். பூரணம் சொன்ன சொல்லின்படி நாலாவது ஸ்லைடை எடுத்து மேஜையில் வைத்தாள். வீங்கிய முகத்தோடு நடராசா வாசலில் காத்து நின்றார்.

இராமசாமி வழக்கம்போல அதை எடுக்கக் கை நீட்டினான். விரல் மடங்கவில்லை.

"நான் கழுவட்டா?" என்றார் காதர்.

"வேணாம்ணே." பூவம்மா தொட்டியில் தண்ணீர் ஊற்றி, சோடாவைக் கொட்டிக் கலக்கினாள். பிறகு தட்டிலிருந்த மூன்று ஸ்லைடுகளையும் நாலாவதோடு சேர்த்து நடராசாவிடம் நீட்டினாள்.

"இவ்வளவு நாளும் உங்க ரத்தத்த அவரு கழுவினாரு. இன்னிக்கு நீங்க கழுவுங்க. நாலையும்."

நடராசா சட்டைக் கையைச் சுருட்டினார். சோடாத் தண்ணீர் அவருக்கு எரிந்தது போலும். தொட்டித் தண்ணீர் மெல்ல நிறம் மாறியது. யாருடைய இரத்தம் எது என்று அதில் தெரியவில்லை.

"ஓரத்தையும் தேய்ங்கய்யா" என்றான் இராமசாமி. "பேரு அங்கதான் ஒட்டிக்கிட்டு இருக்கும்."