லிஃப்ட்டில் கோளாறு இல்லை

“மேடம்... உங்க செருப்பு என்ன நிறம்?”

லிஃப்ட்டின் குட்டி ஸ்பீக்கரிலிருந்து வந்த அந்த ஆண்குரலைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மூச்சு முட்டுகிறது, கையும் காலும் சில்லிட்டுக் கிடக்கிறது... இவன் என்னடாவென்றால் செருப்பை விசாரிக்கிறான்!

“ஏங்க, மனுஷி இங்க செத்துக்கிட்டிருக்கேன்... இப்ப அதுவா முக்கியம்?”

“சும்மா குனிஞ்சு பாத்துச் சொல்லுங்களேன்.”

“...பச்சை.”

“எந்தப் பச்சை? இலைப் பச்சையா, கிளிப் பச்சையா?”

“கிளிப் பச்சை.”

“ஐயய்யோ... அதைக் காசு கொடுத்தா வாங்குனீங்க?”

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில், அடைத்துக்கொண்டிருந்த மூச்சு கொஞ்சம் வழிவிட்டது. அவனும் விடவில்லை. சட்டையின் நிறம், பையிலிருக்கும் சாமான், காலையில் என்ன சாப்பிட்டாள் என்று துளைத்துக்கொண்டே இருந்தான். ஒருவழியாக அந்த லிஃப்ட் மெக்கானிக் கதவை விலக்கியபோது, இடுக்கில் முதலில் தெரிந்தது இரண்டு கண்கள்தான். கன்னத்தில் கிரீஸ் கறை... அதற்கு மேலே அப்படியொரு அமைதியான கண்கள்!

“அதுவாவா நின்னுச்சு?” என்றான், கைகொடுத்து அவளை மேலே தூக்கிவிட்டபடி.

“ஆமா... ஒரு குலுக்கு குலுக்குச்சு. அப்படியே நின்னுடுச்சு.”

சொன்னது பச்சைப் பொய். லிஃப்ட் குலுங்கவே இல்லை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குத்தான் திடீரென்று நெஞ்சடைத்து, உலகமே இருண்டு, கைபோன போக்கில் சிவப்பு ஸ்விட்சை அமுக்கி லிஃப்ட்டை நிறுத்திவிட்டாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் அதை யாருக்கும் தெரியாமல் பழையபடி இழுத்தும் விட்டாள்.

கொஞ்ச மாதங்களாகவே இந்தப் பாடுதான். காரணமே இருக்காது. குளித்துக்கொண்டிருப்பாள், பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பாள்... சட்டென்று சாவு வந்து பக்கத்தில் நிற்பதுபோல் ஒரு பயம் கவ்வும். டாக்டரிடம் போனாள். “இது பேனிக் அட்டாக். உங்க உடம்பும் மனசும் உதவி கேக்குது, அவ்வளவுதான். தொடர்ந்து வாங்க, சரியாகும்” என்றார் அந்த அம்மாள். ஆனால் அக்கா விடவில்லை. “மனசு டாக்டர்கிட்ட போறது வெளியில தெரிஞ்சா எவன்டி உன்னைக் கட்டுவான்? வரன் பாக்குற நேரத்துல வாயைத் திறந்துடாதே” என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள். இரண்டாவது தடவையோடு இவள் டாக்டர் பக்கமே போகவில்லை. ஆபீஸில் இவளுக்கு ‘வாயாடி’ என்று பட்டப்பெயர் வேறு! வாயாடிக்கு இப்படியொரு நோவு என்று யார்தான் நம்பப்போகிறார்கள்?

மறுநாள் லிஃப்ட்டில் பெரிய தாள் ஒட்டியிருந்தது. காரணம் தெரியும்வரை யாரும் ஏறக்கூடாதாம்! கட்டடமே படியேறிற்று, பெருமூச்சு விட்டது, மெக்கானிக்கை வாயாரத் திட்டிற்று. ஏழாவது மாடியில் வீட்டு வரைபடம் வரைவது அவள் வேலை. தினமும் காகிதத்தில் படிக்கட்டு போடுகிறவளுக்கு, நிஜப் படிக்கட்டு நாக்கைத் தள்ளவைத்தது.

நாலாவது மாடித் திருப்பத்தில் அவன். லிஃப்ட் கதவைத் திறந்துபோட்டு, டார்ச்சும் கையுமாக உள்ளே எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே மழை... கண்ணாடியில் கோடுகோடாக வழிந்தது.

“வாங்க கிளிப்பச்சை! எப்படி இருக்கீங்க?”

“உங்க புண்ணியத்துல மூச்சு வாங்குது. என்ன மெக்கானிக் சார், இன்னுமா கண்டுபிடிக்கல?”

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா நீங்க குலுங்குச்சுன்னு சொன்னீங்களே... உள்ள இருந்தவங்க சொல்றதைத்தான் நாங்க முதல்ல நம்பணும். இது எங்க தொழில்ல எழுதாத சட்டம்.”

அவளுக்குச் சுருக்கென்றது. சொல்லிவிடலாமா... நாக்கு நுனிவரை வந்தது. அக்காவின் முகம் குறுக்கே வந்து நின்றது.

அதன்பிறகு தினமும் அந்தத் திருப்பத்தில் அவள் கால் தானாக நின்றது. பிளாஸ்க் டீயை மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். அவன் ஊதி ஊதிக் குடித்தான். மழை பெய்துகொண்டே இருந்தது. தன் வீட்டில் அம்மாவும் தங்கையும் டி.வி. ரிமோட்டுக்குப் போடும் சண்டையை அவன் நடித்துக்காட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் பார்த்தபோது குனிந்துகொண்டாள்... குனிந்தபோதும் அவன் பார்க்கிறான் என்று தெரிந்தது. ஐயோ, இந்த மழை நிற்கவே கூடாதே! இந்த லிஃப்ட் ஓடவே கூடாதே! அப்படி நினைத்த மறுநிமிஷமே குற்றவுணர்வு பிடுங்கித் தின்றது. இல்லாத கோளாறை ஒரு மனுஷன் கண் சிவக்கத் தேடிக்கொண்டிருக்கிறானே!

வெள்ளிக்கிழமை அவள் படியேறும்போதே மேலே சத்தம். கட்டட மேனேஜர் அவனை நிற்கவைத்துப் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

“ஒரு வாரமா தோண்டுறே! உனக்கு வேலை தெரியலைன்னு உங்க கம்பெனிக்குச் சொல்லிட்டேன். இன்னியோட கிளம்பு. வேற ஆள் வருவான்.”

“சார், திட்டுங்க, பரவாயில்லை. ஆனா காரணம் தெரியாம ஆளை ஏத்த மாட்டேன். அவங்க உள்ள எப்படித் துடிச்சாங்கன்னு நான் கேட்டேன்.”

அவளுக்காக... அவள் சொன்ன ஒரு பொய்க்காக, இவன் வேலையையே விடத் தயாராக நிற்கிறான். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். தெரிந்தால் தெரியட்டும்!

“சார்... லிஃப்ட்ல ஒரு கோளாறும் இல்லை.” மேனேஜரை நேராகப் பார்த்தாள். “நான்தான் ஸ்விட்சை அமுக்கி நிறுத்தினேன். எனக்கு பேனிக் அட்டாக் வரும். நெஞ்சடைக்கும், செத்துடுவேன்னு தோணும். அன்னிக்கும் அதுதான். வெளியில சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு இவர் மேல பழி விழ விட்டுட்டேன். இவருக்கு வேலை நல்லாவே தெரியும்.”

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அட, முன்னாடியே சொல்றதுக்கென்னம்மா...” என்று முனகியபடி இறங்கிப்போனார். யாரும் சிரிக்கவில்லை. கணக்குப் பிரிவு அம்மாள் மட்டும் மெதுவாக அருகில் வந்து, “இதுக்கு டாக்டர் யாராவது தெரிஞ்சா நம்பர் குடும்மா... எனக்குத்தான்” என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பிப் பார்த்தால் அவனைக் காணோம்!

மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். கோபம், முதுகிலேயே தெரிந்தது.

“மன்னிச்சிடுங்க...”

“தினம் டீ குடிச்சோம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா பைத்தியம்னு நினைப்பீங்கன்னு...”

“அப்படி நினைக்கிற ஆளுன்னு என்னை நினைச்சீங்க பாருங்க, அதான் கோபம்.” திரும்பினான். அந்தக் கண்கள் கலங்கியிருந்தன. “லிஃப்ட்ல மாட்டுனவங்களுக்குக் கதவைத் திறந்துவிடலாம். நீங்க தினம் இதை மனசுல தூக்கிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே ஏறி வந்திருக்கீங்க... எனக்குத் தெரியவே இல்லையே.”

மழை தகரக் கூரையில் சடசடத்தது. அவள் அழுதாள். அவன் ‘அழாதீங்க’ என்று சொல்லவில்லை. காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்காரச் சொன்னான். தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

“மறுபடியும் டாக்டர்கிட்ட போகப்போறேன்” என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“போங்க. கட்டாயம் போங்க. தனியா போகப் பிடிக்கலைன்னா நான் வந்து வெளியில உக்காந்திருக்கேன்.”

“எவ்வளவு நாள் உக்காருவீங்க? இது சீக்கிரம் சரியாகிற விஷயமில்லை. திரும்பத் திரும்ப வரும்...”

“வரட்டும். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.” காது மடல் சிவக்க, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “சரியானப்புறம் பிடிக்கும்னு சொல்லல. இப்பவே பிடிச்சிருக்கு.”

அவளுக்கு நெஞ்சு படபடத்தது. இந்தப் படபடப்பு வேறு...

பையில் போன் அடித்தது. அக்கா. அவன் எழுந்து போகப்பார்த்தான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, போனை எடுத்தாள்.

“அக்கா... ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்க்கா.”

மறுமுனையில் அழுகை. “ஏன்டி... உன்னை யாராவது வேண்டாம்னு சொன்னா என்னால தாங்க முடியாதுடி. அதுக்குத்தானே மூடி மூடி வச்சேன்...”

“தெரியும்க்கா. ஆனா ஒருத்தர் எல்லாத்தையும் கேட்டுட்டு என்னைப் பிடிச்சிருக்குன்னு சொல்றார்.” மூச்சை இழுத்துக்கொண்டாள். அவனை நிமிர்ந்து பார்த்தே சொன்னாள். “எனக்கும் அவரைப் பிடிச்சிருக்குக்கா.”