புளிக்காத சோறு

இரவு தண்ணீர் ஊற்றி வைத்த சோறு காலையில் புளிக்கவில்லை. முருகலட்சுமி பானையை மூக்கருகே கொண்டுபோனாள், விரலை விட்டுக் கலக்கினாள், மறுபடி மோந்தாள். புளிப்பு வாடை இல்லை. மழை வடிந்த வயலில் எழுமே ஒரு பச்சை வாடை, அதுதான் லேசாக வந்தது.

"என்னங்க, இங்கன வந்து மோந்து பாருங்களேன்."

அவள் புருஷன் காளிதாஸ் பானையை மோந்து பார்க்கிற ஆளா? நயினார்கோவில் வட்டாரத்தில் பெரிய நிலக்காரர். பத்து நாள் சென்னையில் தங்கி, வேளாண் கொள்கைக் கருத்தரங்கை முடித்துவிட்டு, நேற்றுத்தான் போர்த்திய பொன்னாடையோடு வந்து இறங்கியிருந்தார்.

"சோறு புளிக்கலைன்னு ஒரு பஞ்சாயத்தாக்கும்? பேசாமப் போடு," என்றார். போட்டாள். தின்றார்.

உள்ளறையில் மகள் சத்யப்பிரியா இருமினாள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. தொண்டையில் என்னவோ உறுத்துகிறது என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கருத்தரங்கில் அவர் பேசியது உப்புத் தண்ணீரிலும் விளைகிற, மரபணு மாற்றிய நெல்லைப் பற்றி. "எந்த மண்ணிலும் வேர் பிடிக்கும்," என்றபோது கைதட்டல் அடங்கவில்லை. பரிசோதனை நடந்தது அவர் நிலத்தில். விதை கொடுத்த கம்பெனி வைத்த நிபந்தனை ஒன்றுதான். விளைந்ததை ஒரு நெல்மணி விடாமல் எரித்துவிட வேண்டும், யாரும் தின்னக்கூடாது. மனுஷனுக்கு எரிக்க மனசு வருமா? பாதியை எரித்துப் படம் எடுத்து அனுப்பினார். மீதியை அவித்து, மில்லில் கொடுத்து அரைத்து, வேலையாட்களுக்குக் கூலியாக அளந்தார். "அதுக கல்லைத் தின்னாலும் செரிச்சிரும்," என்று மில்காரரிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தார். தன் வீட்டுக்குக் கடையில் வாங்கிய பொன்னி. மகள் வாயில் அந்த அரிசியின் ஒரு பருக்கைகூடப் படக்கூடாது என்பதில் ஆள் கெட்டி. ஊருக்கென்ன, எக்கேடும் கெடட்டும். பின்னறையில் கிடக்கும் மிச்ச மூட்டை இன்னதென்று பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. பொம்பளைக்கு எதற்கு அதெல்லாம்?

பொழுது சாயும் நேரத்தில் பூமயில் வாசலில் வந்து நின்றாள். போன மாதம் செத்துப்போன பண்ணையாள் வீரையாவின் பெண்டாட்டி.

"மொதலாளி, அவுக குழியில நெல்லு முளைச்சிருக்கு."

"வாய்க்கரிசி போட்டோம்ல, அதுல ரெண்டு நெல்லு கெடந்திருக்கும். இதுக்கா வந்த?"

அந்த வாய்க்கரிசியையும் அதே மூட்டையிலிருந்துதான் அள்ளிக் கொடுத்திருந்தார். தர்மப் பிரபு.

"சொட்டு மழை இல்லையே மொதலாளி. ஒருக்கா வந்து பாருங்க."

மூடக் கூட்டம், நாமே போய்ப் பிடுங்கிப் போட்டால்தான் வாயை மூடும் என்று திட்டிக்கொண்டே நடந்தார். கண்மாய் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காற்று துளியும் இல்லை, ஆனாலும் கரையோரத்துக் கருவேல நெற்றுகள் எங்கேயோ கலகலத்தன. கிட்டே போகப் போக, அந்தக் காய்ந்த மண்ணுக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஈரப் பச்சை வாடை ஒன்று மூக்கில் ஏறியது. எங்கேயோ மோந்த வாடை. எங்கே என்றுதான் நினைவுக்கு வரவில்லை.

குழியின் தலைமாட்டில் ஒரு கொத்து நாற்று கரும்பச்சையாய் நின்றது. ஒரு கையால் பிடித்து இழுத்தார். வரவில்லை. குனிந்து இரண்டு கையாலும் இழுத்தார். வெள்ளை வேர் நீள நீளமாக வந்தது. வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அதன் நுனியில் ஒரு பருக்கை.

நெல் இல்லை. அரிசியும் இல்லை. வெந்த சோறு.

வாய்க்கரிசியை யாரும் வேகவைத்துப் போடுவதில்லை.

அப்போதுதான் மற்றவை கண்ணில் பட்டன. நெஞ்சு இருக்கும் இடத்தில் ஒரு கொத்து. வயிற்றுக்கு நேரே அடர்த்தியாக.

"பீடியால வந்த இருமல்னு சொன்னீக," என்றாள் பூமயில். அவள் குரலில் அழுகை இல்லை, காறித் துப்பாத குறைதான். "தொண்டையில உறுத்துது, உறுத்துதுன்னே போய்ச் சேந்தாக."

உறுத்துது.

காலையில் தின்ற சோறு. அந்த வாடை.

ஓடினார். செருப்பு ஒன்று கண்மாயிலேயே கிடந்தது.

"எந்த அரிசிடி வடிக்கிற?"

முருகலட்சுமி பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "நீங்க கெளம்புன அன்னைக்கே பொன்னி தீந்துபோச்சு. பின்னறை மூட்டையில எடுத்தேன். நம்ம நெலத்து நெல்லுதானேங்க?"

அடுப்படியில் பானை இருந்தது. திறந்தார். ஒவ்வொரு பருக்கையிலும் ஒரு வெள்ளை முனை.

"அய்யா," என்று சத்யப்பிரியா கூப்பிட்டாள். டியூப் லைட்டுக்குக் கீழே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "வாயில என்னமோ இருக்குய்யா."

ஆவென்று திறந்து காட்டினாள். நாக்கின் அடியில் ஒரு பச்சை நுனி. ரொம்பச் சின்னது.

இரண்டு விரலால் பிடித்தார். இழுத்தார்.

"வேணாம்யா! வயித்துக்குள்ள இழுக்குதுய்யா!"

விட்டுவிட்டார். அவர் தொண்டையிலும் ஏதோ உறுத்தியது.

பிள்ளை வலி தாங்காமல் உதட்டை இறுக மூடிக்கொண்டாள். மூடிய உதட்டுக்கு நடுவே பச்சை நுனி வெளியே நின்றது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லத் திரும்பி, டியூப் லைட்டைப் பார்த்து நிமிர்ந்தது.