சீட்டுப் பிடித்த மோடம்

பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பதில் பாமாவை மிஞ்ச ஆள் கிடையாது. சத்தியபாமா என்பது பள்ளிக்கூடத்துப் பெயர். வயது பதினொன்று. கண்டி பஸ் நிலையத்தில் ஊருக்குப் போகும் கலஹா பஸ் வந்து நிற்கும்போதே, யன்னலால் பையைப் போட்டு இடம் பிடித்துவிடுவாள். பிறகு ஆறுதலாக ஏறுவாள்.

பை கிடக்கும் சீட்டில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். உட்காரப் போனாலும், "ஆள் வருது" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடுவார். அது எங்கும் எழுதி வைக்காத சட்டம். மற்றச் சட்டங்களை மீறுகிறவர்கள்கூட அதை மீறுவதில்லை.

அந்தச் சட்டம்தான் ஒரு சனிக்கிழமை பஸ் நிலையம் முழுவதையும் தலைதெறிக்க ஓட வைத்தது.

அது 2007ஆம் ஆண்டு. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பாமாவின் அப்பா ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு யாழ்ப்பாணத்தில் காணிக் கந்தோரில் வேலை. அங்கிருந்து வரும் பாதையை மூடிவிட்டார்கள். அப்பா அங்கே, பாமாவும் அம்மாவும் இங்கே கலஹாவில். அம்மா இங்குள்ள பள்ளிக்கூடத்தில் கணித ரீச்சர். தொலைபேசியில் அப்பாவை அழைத்தால் வெறும் இரைச்சல்தான் கேட்கும்.

ஒரே ஒரு வழி இருந்தது. அப்பா தங்கியிருந்த விடுதியில் செய்மதி இணைப்போடு ஒரு கணினி இருந்தது. ஞாயிறு மாலை ஏழு மணிக்கு ஜெனரேட்டர் போடுவார்கள். அந்த ஒரு மணித்தியாலம் அப்பா அங்கிருந்து எழுதுவார், பாமா இங்கிருந்து பதில் எழுதுவாள். எழுத்துகள் திரையில் ஒவ்வொரு வரியாக வந்து விழும். கண்டி இணையக் கடைக்குப் போகலாம் என்றால், அந்த நேரத்துக்குப் பிறகு கலஹாவுக்குத் திரும்ப பஸ் இல்லை. வீட்டுக் கணினியை விட்டால் வேறு கதி இல்லை.

அந்தக் கணினிக்குள்தான் வைரஸ் புகுந்தது.

கண்டியில் கணினி திருத்தும் றிஸ்வி நானா எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, லினக்ஸ் என்ற புதிய இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். படம் வரைந்தது, பாட்டுப் பாடியது, வைரஸ் பயமும் போனது. ஆனால் இணையம் மட்டும் வரவில்லை. தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தைக் கொண்டுவருவது கணினிக்குள் இருந்த மோடம்; அது கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது. இரண்டு ஞாயிறு பாமா வெறும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு என்ன நடந்ததோ என்று அப்பா பயந்திருப்பாரே என நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வந்தது.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை அம்மாவும் அவளும் மறுபடி றிஸ்வி நானாவின் கடைக்குப் போனார்கள்.

பாமா கழற்றிக் கொண்டுவந்த மோடம் அட்டையை அவர் புரட்டிப் பார்த்தார்.

"இது வேல செய்யாது மகள். இதுல அரைவாசி மூளதான் ஈக்கிது."

பாமா திகைத்துப் போனாள். "மற்ற அரைவாசி எங்க நானா?"

"முந்தி ஈந்த மென்பொருளுக்குள்ள. மலிவாச் செய்யிறதுக்காக அப்பிடிப் பிரிச்சிட்டாங்க. லினக்ஸுக்கு அந்த அரைவாசிய ஆரும் எழுதிக் குடுக்கல்ல."

"அப்ப நாளைக்கும் அப்பாவோட கதைக்க ஏலாதா?"

றிஸ்வி நானா அலுமாரியின் அடித்தட்டைக் குடைந்தார். செங்கல் அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியை எடுத்தார். அதிலிருந்து கம்பிகள் தொங்கின.

"பழைய மோடம். எறியத்தான் வச்சிருந்தேன். ஆனா இதுக்கு முழு மூளயும் உள்ளுக்கே ஈக்கிது. லினக்ஸோடயும் பேசும்."

அதைத் தன் கணினியில் பூட்டி, எந்தச் சொல்லை எழுதினால் அது தொலைபேசி இலக்கத்தைச் சுழற்றும் என்றும் காட்டிக் கொடுத்தார். ஒரு லினக்ஸ் சீடியும் தந்தார். "வேற கணினி எண்டாலும் பதியத் தேவயில்ல, இத ஓட்டினாலே போதும். ஏதும் பிரச்சின எண்டா எனக்கு அடிங்க" என்று சீடியின் மேலேயே தன் கடை இலக்கத்தை எழுதினார்.

எல்லாவற்றையும் பாமா பூப்போட்ட துணிப் பையில் வைத்தாள். வழியில் வாங்கிய மீன் பணிஸையும் அதற்குள்ளேயே வைத்தாள்.

பஸ் நிலையத்தில் சனம் நிரம்பி வழிந்தது. கலஹா பஸ் வந்ததுதான் தாமதம், பாமா ஓடிப்போய் யன்னலால் பையைப் போட்டாள். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. கொஞ்சம் தள்ளி, அறுந்த செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பாமா, ஊசி ஒண்டு இருக்கே?"

பாமா சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, குந்தியிருந்து செருப்பு வாரைப் பூட்டினாள். சீட்டுத்தான் பிடித்தாயிற்றே, என்ன அவசரம்?

அப்போதுதான் விசில் சத்தம் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தவள் திடுக்கிட்டாள். கலஹா பஸ்ஸின் இரண்டு கதவாலும் ஆட்கள் கொட்டுண்டார்கள். ஒருவர் யன்னலால் குதித்தார். "பார்சல், பார்சல்" என்று யாரோ கத்தினார்கள். இராணுவத்தினர் ஓடிவந்து எல்லோரையும் தூரத் தள்ளினார்கள்.

அந்த நாளில் பஸ்களில் குண்டு வைப்பார்கள். எல்லோருக்கும் அது தெரியும். ஐயோ, என் மோடமும் அந்த பஸ்ஸுக்குள் அல்லவா இருக்கிறது என்றுதான் பாமா முதலில் நினைத்தாள்.

பக்கத்தில் மூச்சு வாங்கியபடி நின்ற ஒரு பெண் சொன்னாள். "நான் கண்ணால பார்த்தேன். பூப்போட்ட பை. உள்ளுக்கு ஒரு பொட்டி. வயர் தொங்குது."

எல்லோரும் பயந்து ஓடியது பாமாவுடைய பையைப் பார்த்து.

பஸ்ஸின் அருகே ஒரு மனிதரை இரண்டு சிப்பாய்கள் பிடித்து வைத்திருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய தோட்டத் தொழிலாளி. பெயர் இருளப்பன் என்று தன் அடையாள அட்டையைக் காட்டினார். பைக்குப் பக்கத்துச் சீட்டில் இருந்தவர் அவர்தான்.

"பை கெடந்துச்சுங்க. ஆள் வருதுன்னு சொன்னேன். அவ்வளவுதாங்க."

"யார் வருகிறார்?" என்று இளம் அதிகாரி ஒருவர் சிங்களத்தில் கேட்டார்.

"தெரியாதுங்க."

"தெரியாத ஆளுக்கு ஏன் சீட்டைக் காத்தாய்?"

அங்கே நின்ற எல்லோரும் அதைத்தான் தினமும் செய்கிறார்கள். ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிப்பாய்கள் இருளப்பனை ஜீப் பக்கம் நடத்தினார்கள்.

அம்மா பாமாவின் கையை இறுக்கிப் பிடித்தார். "நட பிள்ளை. திரும்பிப் பாராதை."

"அம்மா, அது எங்கட பை."

"தெரியும். அதாலதான் சொல்லுறன். என்ர அடையாள அட்டையில யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு. ஆர் எங்களை நம்புவினம்?"

அம்மா பயந்து பாமா பார்த்ததே இல்லை. பையை விட்டுவிட்டால் பிரச்சினை இல்லை. மோடம் போகும், அப்பாவின் ஞாயிற்றுக்கிழமையும் போகும், அவ்வளவுதான். ஆனால் அந்த மாமா?

"அவர் எங்கட சீட்டைத்தானே அம்மா பாத்துக்கொண்டு இருந்தவர்."

அம்மா இருளப்பனைப் பார்த்தார். மெல்ல மெல்ல அவருடைய பிடி தளர்ந்தது. பிறகு மறுபடி இறுகியது. ஆனால் இந்த முறை இழுத்தது ஜீப் பக்கமாக. "வா, ரெண்டு பேருமாப் போவம்."

"மகே பேக் எக்க," என்று பாமா சிங்களத்தில் சொன்னாள். அது என் பை. சத்தமாகத்தான் சொல்ல நினைத்தாள், கீச்சுக் குரல்தான் வந்தது. ஆனாலும் எல்லோரும் திரும்பினார்கள்.

அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்தார். "பைக்குள் என்ன இருக்கிறது?"

"ஒரு மோடம், வயர், சீடி, ஒரு மீன் பணிஸ்."

"கடைசியாக என்ன சொன்னாய்?"

"மீன் பணிஸ்."

ஒரு மோப்ப நாயை பஸ்ஸுக்குள் ஏற்றினார்கள். பஸ் நிலையமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. சற்று நேரத்தில் நாய் படியில் தோன்றியது. அதன் வாயில் பணிஸ் இருந்தது. கூட்டிப் போன சிப்பாய் வெட்கத்தோடு பின்னால் வந்தார். அவர் கையில் பூப்போட்ட பை.

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. பெட்டியை எடுத்துத் திருப்பினார்.

"இப்போது மோடம் கணினிக்குள்ளேயே இருக்கிறதே. இந்தப் பழசு எதற்கு?"

"அதுக்கு அரைவாசி மூளைதான்," என்றாள் பாமா. சிங்களத்தில் சொன்னபோது அது இன்னும் விசித்திரமாகக் கேட்டது. அதிகாரியின் புருவம் உயர்ந்தது.

"சரி, வேலை செய்வதைக் காட்டு."

எதிரே தொலைபேசிக் கடை ஒன்றில் கணினி இருந்தது. பாமா மோடத்தைக் கணினியிலும் கடைத் தொலைபேசிக் கம்பியிலும் பூட்டினாள். மின்சாரம் கொடுத்ததும் சிவப்பு விளக்குகள் பளிச்சிட்டன. வாசலில் எட்டிப் பார்த்த கூட்டம் அப்படியே பின்வாங்கியதில், ஒருவர் தோடம்பழக் கூடைக்குள் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் கடைக் கணினிக்கு அந்தப் பழைய பெட்டியை அடையாளம் தெரியவில்லை. அதற்குரிய வட்டைப் போடு என்று கேட்டது. அந்த வட்டு பாமாவிடம் இல்லை. அதிகாரி பார்த்துக்கொண்டு நின்றார். கதவருகே இருளப்பன் கைகளைக் கட்டியபடி நின்றார்.

சீடி. சீடி இருக்கிறதே.

பாமா லினக்ஸ் சீடியைப் போட்டுக் கணினியை மறுபடி இயக்கினாள். அது அவசரப்படவில்லை. உறுமியது, யோசித்தது, மறுபடி உறுமியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் திரை வந்தது. றிஸ்வி நானா காட்டித் தந்த சொல்லை எழுதி, சீடியின் மேல் இருந்த இலக்கத்தையும் எழுதினாள்.

பெட்டி டிக் டிக் என்று இலக்கத்தைச் சுழற்றியது. மணி அடித்தது. பிறகு அந்தப் பெட்டிக்குள் இருந்து ஒரு மனிதக் குரல் வந்தது.

"ஹலோ, ஆரு?"

ஒரு சிப்பாய் துள்ளிப் பின்னால் போனார். பாமாவே அதிர்ந்துபோனாள். மோடத்தின் சின்ன ஒலிபெருக்கியில் அந்தப் பக்கத்துக் குரல் கேட்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"என்ன இது, கீ கீ எண்டு கத்துது... அட, மோடம். பாமா மகளா? வேல செய்யிதா? அதுக்குள்ள வீட்டுக்குப் போயிட்டீங்களா?"

அதிகாரி முதலில் பெட்டியைப் பார்த்தார். பிறகு பாமாவைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் இருளப்பனின் அடையாள அட்டையை அவர் கையிலேயே கொடுத்து, போகலாம் என்றார்.

"இனிமேல் பையை வைத்துவிட்டு ஓடாதே," என்று பாமாவிடம் சொன்னார். அதில் சிரிப்பு இல்லை.

பஸ் புறப்பட்டபோது பாமா உள்ளே இருளப்பனின் அருகில் போய் நின்றாள்.

"மாமா, என்னாலதான் உங்களுக்கு..."

"அதெல்லாம் விடு பாப்பா. நீ வராட்டி நான் இந்நேரம் எங்க இருப்பேனோ," என்றவர் யன்னலோரச் சீட்டிலிருந்த தன் தலைத்துண்டை எடுத்தார். "உக்காரு. ஆள் வருதுன்னு சொல்லித்தான் வச்சிருக்கேன்."

மறுநாள் மாலை ஏழு மணிக்கு, கலஹாவில், சாம்பல் பெட்டி கீச்சிட்டு, கரகரத்து, ஓய்ந்தது. பாமாவும் அம்மாவும் ஒரே கதிரையில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். திரையில் எழுத்துகள் வந்து விழுந்தன.

"பாமாக்குட்டி, இருக்கிறியே? ரெண்டு கிழமையா நான் நித்திரை கொள்ளேல்லை. அங்க ஏதும் பிரச்சினையே? என்ன புதினம்?"

பாமா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். பாமா எழுதினாள்.

"பெரிசா ஒண்டுமில்லை அப்பா. ஒரு நாய் என்ர மீன் பணிஸைத் திண்டிட்டுது."